துண்டுச் சீட்டும் தொழிலாளர் கூலியும்

துண்டு என்றதும் தோளில் கிடக்கும் துணி நம் நினைவுக்கு வருகிறது. மாதக் கடைசியில் வரவு செலவுக்குப் போதாவிடில் 'துண்டு விழுகிறது' என்றும் சொல்கிறோம். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 1921 வரை அச்சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. ஆங்கிலேயத் துரைமாரும் மொழிபெயர்க்காமல் தம் ஏடுகளில் அப்படியே எழுதிக்கொண்ட தமிழ்ச் சொல் அது.

தோட்டத்திற்கு ஆள் தேவைப்பட்டால் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுத்து அனுப்புவார். கங்காணி திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலுள்ள தம் ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். மழை பொய்த்து, ஊரில் வாங்கிய கடனும் அடைபடாத குடும்பங்கள் பல அவர் பின்னே புறப்பட்டன. அந்தப் பழைய கடனைத் தீர்த்த தொகை, வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அவரவர் பெயரில் ஏறும். முதற் கொழுந்தைக் கிள்ளுமுன்னரே தொழிலாளி கடனாளி. கூலியில் அரிசிக்குப் பிடித்தது போக மிஞ்சியதைக் கங்காணியின் கணக்கு விழுங்கும். எழுத்தறியாதவர் அக்கணக்கைச் சரிபார்ப்பது எங்ஙனம்?

வேறு தோட்டத்திற்குப் போயிருக்கலாமே என நாம் கேட்கலாம். 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டவரைச் சிறையில் அடைக்கலாம். முறையாக விலகவோ துண்டு வேண்டும். 'இந்தக் கங்காணியும் இவருடைய ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு. அதைச் செலுத்துவோருக்கு இவர்களை விட்டுவிடுகிறோம்' என்னும் பொருள்பட துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. அதை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகச் செல்வார். ஆள் பற்றாக்குறை மிகுந்த காலத்தில் துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட்டு, துண்டின் தொகைக்கு மேலும் முன்பணம் தந்து, கூட்டத்தையே இழுத்துக்கொண்டனர். மிகைத்தொகை கங்காணியின் மடிக்குப் போயிற்று; கடன் ஆட்களின் தலையில் ஏறிற்று. தாம் வாங்காத கடனுக்கு அவர்கள் உழைத்தனர். கடன் என்று எழுதப்பட்ட அத்தொகையை ஆளின் விலை என்றே நாம் கொள்கிறோம்.

கடலுக்கு இப்பால், 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் கூலியாளின் கூலியை ஜப்தியிலிருந்து விலக்கியிருந்தது. எத்தனை பழைய கடனாயினும் நீதிமன்றம் அதைத் தொடலாகாது. கடல் கடந்து போனவரின் கூலியைப் பிடிக்க நீதிமன்றமே தேவைப்படவில்லை. கைக்கு வருமுன்னரே அது கணக்கில் கழிந்துவிட்டது.

இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம் நம் நெஞ்சில் எழுகிறது. மாவரைக்கும் திரிகைக்கல்லை அடகாகப் பெறலாகாது என்பதும், ஏழைக் கூலியாளுக்குப் பொழுது சாயுமுன் கூலி தரவேண்டும் என்பதும் அந்த ஒரே அதிகாரத்தில் உள்ளன. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரும் 1891-இல் தம் சுற்றுமடலில், வன்முறையாலோ வஞ்சகத்தாலோ வட்டியாலோ தொழிலாளியின் ஊதியத்தைக் குறைப்பதைக் கண்டித்தார். அதன் பின்னும் முப்பது ஆண்டுகள் துண்டு வாழ்ந்தது. ஞாயிறு தவறாமல் ஆலயம் சென்ற துரைமாரும் அதில் கையெழுத்திட்டிருப்பர்.

1921-இல் சட்டம் துண்டை ஒழித்தது. இந்திய அரசின் நெருக்குதல் ஒருபுறம் இருக்க, வளர்ந்துகொண்டே போன முன்பணச் சுமையால் துரைமாரும் சலித்திருந்தனர். இரக்கம் சாதிக்காததை இலாப நட்டக் கணக்கு சாதித்தது போலும். 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தது. கங்காணியின் கடன் ஏடு மட்டும் அதற்குப் பின்னும் உடனே மூடப்படவில்லை.