உப்பில்லாமல் வெந்த கீரை

வேன் கோவளத்தைத் தாண்டியதும் வழிகாட்டி மைக்கைக் கையில் எடுத்தார். "நாம இன்னிக்குப் போற மரக்காணத்துல யாருக்காச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று கேட்டார். வேனில் இருந்த பதினாலு பேரும் சிரித்தோம். வேளச்சேரியிலும் போரூரிலும் ஏறியவர்கள். பாதிப் பேர் என்னை மாதிரி ஐ.டி. ஆட்கள். மரக்காணத்தில் யாருக்கு சொந்தக்காரர் இருக்கப்போகிறார்கள்? நானும் சேர்ந்து சிரித்தேன்.

மரக்காணத்தில் என் அத்தை இருக்கிறார். அப்பாவின் அக்கா. முப்பது வருஷத்துக்கு மேலாக உப்பளத்தில் வேலை. அப்பா பதினாறு வயதில் பாத்தியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடி வந்து லேத் பட்டறையில் சேர்ந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் சென்னைதான். ஆபீஸில் யாராவது ஊர் கேட்டால் "திண்டிவனம் பக்கம்" என்பேன். பொய் இல்லை. கிழக்கே முப்பத்தைந்து கிலோமீட்டரை விட்டுவிடுகிறேன், அவ்வளவுதான்.

சொந்த ஊருக்குக் காசு கட்டி டூர் போகும் புத்தி எனக்கு ஸ்வீடனில் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ப்ராஜெக்ட் வேலையாக ஸ்டாக்ஹோமில் ஆறு வாரம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை கூட வேலை செய்தவர்கள் வைக்கிங் பாரம்பரியத்தைப் பார்க்கும் ஒருநாள் பயணத்துக்கு அழைத்துப் போனார்கள். நகரத்துக்கு வடக்கே உப்லாந்து என்ற வட்டாரம். (எனக்கு அது உப்பு என்றுதான் காதில் விழுந்தது.) கொம்பு வைத்த தலைக்கவசம், கோடாரி என்று எதிர்பார்த்துப் போனவனுக்குக் கிடைத்தது கல்லெழுத்து. அந்த வட்டாரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் ரூன் கற்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை 11ஆம் நூற்றாண்டு, அதாவது நம்ம ராஜராஜனையும் ராஜேந்திரனையும் ஒட்டிய காலம். இன்னார் தன் தகப்பன் நினைவாக நட்டது, இன்னாரின் மகன் கிரேக்க தேசத்தில் செத்தான், இப்படிப் போகும் வாசகங்கள். தெபி என்ற ஊரில் யார்லபாங்கே என்று ஒரு பெரிய மனிதர் சதுப்பு நிலத்தின் குறுக்கே மண்பாதை போட்டு, அதன் முனைகளில் கல் நட்டிருக்கிறார். இந்தக் கல்லை உயிரோடு இருக்கும்போதே எனக்காக நானே நட்டேன், என் ஆன்மாவுக்காக இந்தப் பாதையை அமைத்தேன், தெபி முழுக்க எனக்கே சொந்தம் என்பது அதன் சாரம். தனக்குத் தானே பேனர் வைத்துக்கொண்ட முதல் ஆளை நான் பார்த்தது அங்கேதான்.

எங்களைக் கூட்டிப்போன பெண் அதே பகுதிக்காரர். ஒரு கல்லைக் காட்டி, இது என் தாத்தாவின் உருளைக்கிழங்கு வயல் ஓரத்தில் நின்றது, சின்ன வயதில் இதன்மேல் ஏறி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன் என்றார். பல நாட்டு ஆட்கள் நின்று கேட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் இருந்தவர் உங்கள் ஊரில் என்ன பழமை என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் என்றேன்.

அதனால்தான் "மரக்காணம்: ஒருநாள் வரலாற்றுப் பயணம்" என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பணம் கட்டினேன்.

முதல் நிறுத்தம் கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டை. இடிந்த செங்கல் மதில், உப்பங்கழி, அந்தப் பக்கம் மணல்மேடு, அதற்கப்பால் கடல். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் காலத்தில், 1730களின் கடைசியில் எழும்பியது. 1750இல் துய்ப்ளேவின் உதவிக்குக் கைம்மாறாகப் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்தார்கள். ஆளுக்கு நாலு போட்டோ எடுத்துக்கொண்டோம். ஏறக்குறைய இருபது வருஷமே நின்ற கோட்டை. ஆனால் மதில் இருப்பதால் பார்க்க ஆள் வருகிறது.

எனக்கு அந்த இடத்தில் வேறொன்று முக்கியமாகப் பட்டது. அந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கழிக்கும் கடலுக்கும் இடையில் நீளமாகக் கிடக்கும் நிலம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். அது சிறுவயதில் பஸ் ஜன்னலில் பார்த்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. பரிசு வாங்கித் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வரும் ஏழைப் பாணனிடம் எந்த வழியாகப் போ, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும், யாரைப் பார் என்று சொல்வது. சுருக்கமாக, கைடு. இந்தப் பாட்டின் 269 அடிகளும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போவதற்கான வழிதான். கடற்கரையில் தொடங்கி, வேலூர், ஆமூர் வழியாக, இன்றைக்குத் திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கிலில் முடிகிறது. அந்த வேலூர் மரக்காணத்துக்கு மேற்கே இருக்கும் உப்புவேலூர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியானால், மரக்காணத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்குகிறவர்கள் தினமும் போவது ஏறக்குறைய அந்தப் பாணன் போன வழி.

கடற்கரை ஊரின் பெயரைப் புலவர் நேராகச் சொல்லவில்லை. மதிலின் பெயர் கொண்ட பட்டினம் என்று சுற்றி வளைக்கிறார். எயில் என்றால் மதில்; ஆக எயிற்பட்டினம். அது மரக்காணம் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. பழந்தமிழில் "சோ" என்றாலும் மதில்தான். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மொழிக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ் இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறது. பொதுகே புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு என்று 1945இல் வீலர் தோண்டிய பிறகு பொதுவாக ஏற்றுக்கொண்டார்கள். சோபட்மா என்பது சோப்பட்டினம், அதுவே எயிற்பட்டினம் என்பது வாதம். ஒரே சொல்லுக்கு இரண்டு பெயர், இரண்டும் ஒரே ஊரைக் காட்டுகிறது என்ற இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. கோடு எழுதுகிறவன் புத்தி.

பாட்டில் அந்தப் பட்டினத்துக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரங்கள் படுத்துத் தூங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. நெய்தல் நிலத்துப் புலவருக்கு ஒட்டகம் எப்படித் தெரிந்தது? அந்த மரத்தை விறகாக எரித்துத்தான் நுளையர் வீட்டுப் பெண் கள் காய்ச்சுகிறாள். வருகிற பாணனுக்குக் கள்ளும் சுட்ட குழல் மீனும் கிடைக்கும் என்பது கைடின் வாக்கு. வேலூரில் புளிச்சோறும் ஆமான் கறியும். ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும். எங்கள் டூரில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் லெமன் சாதமும்.

மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் கல்வெட்டுகளுக்காக முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ராஜராஜன் காலம் தொடங்கிச் சோழர் கல்வெட்டுகள் சுவர் முழுக்க. வழிகாட்டி நல்ல பையன், வரலாறு படித்தவர், விரலால் தடவி எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார். சோழர் கல்வெட்டுகளின் இலக்கணம் ஒன்றுதான்: எந்த ராஜாவின் எத்தனையாவது ஆண்டு, யார் கொடுத்தார், எவ்வளவு நிலம், விளக்குக்கு எத்தனை ஆடு. யார்லபாங்கே ஞாபகத்துக்கு வந்தார். சதுப்பில் மண் சுமந்து பாதை போட்டவர்களைப் பற்றி அவர் கல்லில் ஒரு எழுத்து இல்லை. இங்கேயும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது.

வெளியே வந்ததும் வழிகாட்டி ஒரு தப்பு செய்தார். "இந்த மரக்காணம் உப்புதாங்க ரோமாபுரி வரைக்கும் போச்சு" என்றார். எல்லாரும் ஆஹா என்றார்கள். பெரிப்ளூஸில் சோபட்மாவுக்குப் பெயர் இருக்கிறது. அங்கிருந்து உப்பு போனதாக இல்லை. ரோமாபுரிக்கு உப்புப் பஞ்சமும் இல்லை, அவர்களுக்கே அளங்கள் இருந்தன. உப்பு கப்பல் ஏறவில்லை, மாட்டு வண்டி ஏறியது. சங்கப் பாடல்களில் உப்பு விற்கும் உமணர்கள் வண்டி வண்டியாகக் குடும்பத்தோடு உள்நாட்டுக்குப் போகிறார்கள். இதே சிறுபாணாற்றுப்படையில், கொற்கையைச் சொல்லும் இடத்தில், உமணர் வண்டியோடு வந்த மந்தி ஒன்று அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து, சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது. ஊர் ஊராகப் போய் நெல்லுக்கு உப்பு மாற்றியவர்கள் அவர்கள். ரோமாபுரி வராவிட்டால் உப்புக்கு மரியாதை இல்லை என்று நினைக்கிறோம் போல.

அந்த உப்பைப் பிற்காலத்தில் கப்பலில் இல்லை, படகில் ஏற்றினார்கள். பக்கிங்ஹாம் கால்வாய் ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் ஆரம்பித்து, சுமார் 420 கிலோமீட்டர் வந்து, மரக்காணத்துக்கிட்டே முடிகிறது. சென்னைக்கு விறகும் உப்பும் வந்த வழி. 1805இல் கம்பெனி மதராஸ் மாகாண உப்பை ஏகபோகமாக்கியது. 1806இல் கால்வாய் வேலை ஆரம்பம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கூலிக்கு வைத்துச் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியைத் தோண்டினார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் பெயர் அப்போது வந்ததுதான். அதே பஞ்சத்தின் நடுவில் மதராஸில் உப்பு வரியை மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏற்றினார்கள். தோண்டியவன் கஞ்சிக்கு உப்பு இருந்திருக்குமா என்று தெரிந்துகொள்ள எந்தக் கல்லும் இல்லை. 1930இல் வேதாரண்யம் நடந்தது, 1947இல் வரி போனது. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் உண்டு.

நாலு மணிக்கு உப்பளம். "பதினஞ்சு நிமிஷம் போட்டோ ஸ்டாப்" என்றார் வழிகாட்டி. மேற்கே கழுவெளி வரை தண்ணீரும் வானமும். 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது. முன்னால் சதுரம் சதுரமாகப் பாத்திகள், ஓரத்தில் கீற்று மூடிய உப்புக் குவியல்கள். எங்கள் குழுவில் ஒருவர் "செம ஆங்கிள்" என்று படுத்துக்கொண்டே படம் எடுத்தார்.

இங்கே பேச எனக்கு விஷயம் இருந்தது. மழை விட்டுத் தை பிறந்ததும் பாத்தியில் சேற்றை அள்ளிப்போட்டு, ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். தரை கல்லாக இறுகும்வரை, நாள் கணக்கில். இறுகாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், உப்பு அழுக்காகும். அப்புறம் உவர்நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, அடுத்ததற்கு மாற்றி, வெயிலில் சுண்டவிட்டு, கடைசிப் பாத்திக்கு விடுவது. கடல் தண்ணீர் போமே கணக்கில் மூன்றரை டிகிரி. 25ஐத் தொட்டால் உப்பு விளையும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும். அத்தையிடம் மீட்டர் கிடையாது. தண்ணீர் மேலே ஆடை கட்டுவதைப் பார்த்தே சொல்வார். விடியற்காலை மூணு மணிக்கே பலகை வைத்த கொம்பால் வாரத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் தலையில் சுமந்து மேட்டில் கொட்டியாக வேண்டும். வெள்ளை வெயில் கண்ணைப் பிடுங்கும். காலில் சின்ன வெட்டு இருந்தால் ஆறவே ஆறாது. ஐப்பசியில் மழை பிடித்தால் மூன்று மாதம் வேலை இல்லை. சில வருஷமாக அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது.

இதில் ஒரு வாக்கியத்தையும் நான் அங்கே சொல்லவில்லை. நாலு மணிக்கு யாரும் வேலை செய்யவில்லை என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஸ்வீடனில் கடைசி நிறுத்தத்தில் வைக்கிங் உடை போட்ட இருவர் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக் காட்டினார்கள். வேலை முடிந்து அவர்கள் ஜீன்ஸுக்கு மாறிக் காரில் ஏறியதைப் பார்த்தேன். இங்கே நடித்துக் காட்ட ஆள் தேவையில்லை. மூணு மணிக்கு எழுந்து வந்தால் போதும்.

நத்தத்தனார் பாட்டில் என்னால் தாண்ட முடியாத இடம் ஒன்று உண்டு. பரிசு பெற்றவன் தன் பழைய நிலையைச் சொல்கிறான். கரையான் அரித்த சமையல்கட்டு. அதில் குட்டி போட்ட நாய், கண் திறக்காத குட்டிகள். பசியில் மெலிந்த அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, பார்ப்பவர்களுக்கு வெட்கப்பட்டு வாசல் கதவைச் சாத்திவிட்டு, எல்லோருமாகத் தின்கிறார்கள். கடையெழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லும் பாட்டும் இதுதான். பாரியும் முல்லைக்குத் தந்த தேரும் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டன, கீரை வரவில்லை. உப்பு விளையும் கரையோரத்துக் கவிஞர், ஏழ்மையைக் காட்ட உப்பைத்தான் எடுத்திருக்கிறார்.

போன் அடித்தது. அத்தை. சென்னையிலிருந்து அப்பா சொல்லியிருக்க வேண்டும்.

"எங்கடா இருக்க?"

"அளத்துக்கிட்ட அத்தை. ஆபீஸ் வேலையா வந்தேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு வூட்டுக்கு வராம போயிடுவியா? மீன் வாங்கி வச்சிருக்கேன்."

வழிகாட்டியிடம் போய், நீங்கள் கிளம்புங்கள், எனக்கு இங்கே சொந்தக்காரர் இருக்கிறார் என்றேன். "காலைல கேட்டேனே சார்" என்றார். பதில் சொல்லவில்லை. வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. கால்வாய்க்கரை வழியாக நடந்தேன்.

மத்திக் குழம்பு. அத்தை கீழே உட்கார்ந்து, வெடித்த பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே நான் சாப்பிடுவதைப் பார்த்தார். ஆபீஸ் வேலை இல்லை, டூர் என்று உண்மையைச் சொன்னேன். அளத்தைப் பார்க்கவா, சென்னையிலிருந்தா என்று அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். அவளும் சிரித்தாள்.

"எவ்ளோ கட்டின?"

பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அத்தை விரல்விட்டு எண்ணினார்.

"ரெண்டு நாள் கூலிடா" என்றார். "மூணு மணிக்கு வா, நான் சும்மாவே காட்டறேன்."