‘ஆண்கள் பிரிவு’ என்று ஒன்று இல்லை: சதுரங்கத்தில் பெண்களுக்கான தனிப் போட்டி பற்றி

2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியா இரட்டைத் தங்கம் வென்றபோது, ‘ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் தங்கம்’ என்ற தொடர் எங்கும் ஒலித்தது. தொடர் பிழையானது. ஒலிம்பியாடில் ஆண்கள் பிரிவு கிடையாது. இருப்பவை பொதுப் பிரிவும் பெண்கள் பிரிவும். பொதுப் பிரிவில் ஆணும் ஆடலாம், பெண்ணும் ஆடலாம். மற்றதில் பெண்கள் மட்டுமே. விதிப்புத்தகம் இதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் பொதுப் பிரிவின் அரங்குக்குள் போய்ப் பார்ப்பவர், செய்தியாளர் எழுதியதில் தவறென்ன என்றுதான் கேட்பார். பலகைகளுக்கு இருபுறமும் ஏறக்குறைய ஆண்களே உட்கார்ந்திருப்பார்கள். விதி ஒன்று சொல்ல, வழக்கம் வேறாக இருக்கும் இந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

விளையாட்டில் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து ஆட வேண்டுமா, தனித்து ஆட வேண்டுமா என்ற விவாதம் பெரும்பாலும் ஓட்டப் பாதையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. நூறு மீட்டரில் உசைன் போல்ட்டின் சாதனை 9.58 வினாடி, ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரின் சாதனை 10.49. ஒரே பந்தயமாக நடத்தினால் உலகின் மிக வேகமான பெண்ணுக்கு இறுதிச் சுற்றில் இடம் கிடைக்காது. அங்கே தனிப் பிரிவுக்குக் காரணம் உடல். அதில் வாதிட அதிகம் இல்லை. சதுரங்கத்தில் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. குதிரையை நகர்த்தத் தசைவலு வேண்டாம். அப்படியானால் பெண்கள் பிரிவு எதற்கு? உடலைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்ட பிறகும் பிரித்துவைப்பதற்கு நியாயம் மிஞ்சுகிறதா என்று பார்க்கச் சதுரங்கத்தைவிட நல்ல சோதனைக்களம் இல்லை. மிஞ்சுகிறது என்பதே என் முடிவு. ஆனால் அந்த நியாயம் திறமையைப் பற்றியதல்ல, எண்ணிக்கையைப் பற்றியது. அப்படியிருக்க, இன்றைய ஏற்பாட்டில் பாதி அந்த நியாயத்துக்கு எதிராகவே வேலை செய்கிறது.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் போவோம். பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1927இல் லண்டனில் நடந்தது. வென்றவர் வேரா மென்சிக். இரண்டாண்டுக்குப் பின் கார்ல்ஸ்பாத் நகரில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களோடு அவர் ஆட வந்தபோது, ஆல்பர்ட் பெக்கர் என்ற வியன்னாக்காரர், இவரிடம் தோற்பவர்களையெல்லாம் ‘வேரா மென்சிக் சங்க’ உறுப்பினராகச் சேர்த்துவிடலாம் என்று கேலி பேசினார். சங்கத்தின் முதல் உறுப்பினர் பெக்கரே ஆனார். 1935இல் உலக வாகையர் ஆகவிருந்த மாக்ஸ் ஆய்வேயும் பின்னாளில் அதில் சேர்ந்தார்.

ஆய்வேயின் பெயர் நம் நாட்டுக் கதையிலும் வருகிறது. 1976இல் ரோகிணி காடில்கர் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி இந்திய ஆண்கள் தேசியப் போட்டியில் ஆட வந்தார். பெரும் சர்ச்சை எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. தேசிய, பன்னாட்டுப் போட்டிகளில் பெண்களைத் தடுக்க முடியாது என்று அப்போது தெளிவுபடுத்தியவர் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர். அவர்தான் மாக்ஸ் ஆய்வே. சங்க உறுப்பினருக்கு உண்மை தெரிந்திருக்காதா என்ன!

கதவு திறந்துவிட்டது என்று இதை வைத்து நினைத்தால் துப்பாக்கி சுடுதலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டி ஒலிம்பிக்கில் இருபாலருக்கும் பொதுவாக இருந்தது. 1992இல் பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான் முதலிரு கட்டங்களில் 200க்கு 200 தட்டுகளையும் வீழ்த்தி, ஆண்களை முந்தித் தங்கம் வென்றார். 1996இல் அட்லாண்டாவில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பெண்களுக்கெனத் தனி ஸ்கீட் 2000இல் சிட்னியில்தான் வந்தது. அவர் வென்றதால்தான் மாற்றினார்கள் என்று நான் வாதிடவில்லை. முன்பின் வரிசை மட்டும் காரணத்தை நிறுவாது. விளைவு மட்டும் மறுக்க முடியாதது: நடப்பு ஒலிம்பிக் வாகையருக்குப் பட்டத்தைக் காத்துக்கொள்ளப் போட்டியே இல்லாமல் போனது. பிரித்தவர்கள் பெண்களுக்கு ஓர் அறை கட்டித்தரும் முன்பே பொது அறையைப் பூட்டிவிட்டார்கள். தனிப் பிரிவை எதிர்ப்பவர்கள் அஞ்சுவது இதற்குத்தான். அந்த அச்சத்தை மதிக்க வேண்டும்.

சதுரங்கத்தில் பொது அறை பூட்டப்படவில்லை. அப்படியானால் பெண்கள் ஏன் உள்ளே அதிகம் இல்லை? எளிய விடை எண்ணிக்கை. பிலாலிச், ஸ்மால்போன், மெக்லியட், கோபே ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஜெர்மனியின் தரப்புள்ளிப் பட்டியலை எடுத்துக்கொண்டது. அதில் ஒரு பெண்ணுக்குப் பதினாறு ஆண்கள். ஒரு பெரிய கூட்டத்திலிருந்தும் ஒரு சிறிய கூட்டத்திலிருந்தும் சிறந்த நூறு பேரைப் பொறுக்கினால், இரு கூட்டங்களின் சராசரித் திறன் ஒன்றாகவே இருந்தாலும், பெரிய கூட்டத்தின் நூறு பேர் உயரத்தில் நிற்பார்கள். இரு தரப்பின் முதல் நூறு பேருக்கிடையே இருந்த வேறுபாட்டில் 96 சதவீதத்தை இந்தக் கணக்கே விளக்கிவிடுகிறது என்றார்கள். முறையியல் பற்றிப் பிறகு மறுப்புகள் வந்தன. எண்ணிக்கைக் குறைவே ஏன் என்ற கேள்விக்கும் இந்த ஆய்வு விடை தராது. திறமைக் குறைவால்தான் குறைவாக வருகிறார்கள் என்று பிடிவாதமாகச் சொல்பவரை இதைக் காட்டி மட்டும் மடக்க முடியாது.

அந்த இடத்தில் ஆன் மாஸும் கூட்டாளிகளும் இத்தாலியில் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனை உதவும். சம திறன் கொண்ட 42 ஆண்-பெண் இணைகள் இணையவழி ஆடின. எதிராளி யாரென்று தெரியாதபோது பெண்கள் ஆண்களுக்கு நிகராக ஆடினார்கள். எதிரே இருப்பவர் ஆண் என்று தெரிந்தபோது ஆட்டம் சரிந்தது. அதே ஆண் எதிராளியைப் பெண் என்று பொய் சொல்லி ஆடவிட்டபோது சரியவில்லை. சிறிய சோதனைதான், ஆனால் பலகையும் காய்களும் மாறாமல், எதிரே இருப்பவரைப் பற்றிய நினைப்பு மட்டும் மாறி ஆட்டம் மாறியிருக்கிறது. இதோடு சேர்த்து எண்ண வேண்டியது பாதுகாப்பு. 2023 ஆகஸ்டில் பிரான்ஸின் பெண் ஆட்டக்காரர்கள், போட்டிகளில் நிகழும் பாலியல் சீண்டல்களைப் பற்றிப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பல நாட்டுப் பெண்கள் அதில் கையெழுத்திட்டார்கள். அறுபது பேர் ஆடும் கூடத்தில் மூன்றே பெண் பிள்ளைகள் என்றால் அவர்களை அழைத்துவரும் தாய் என்ன நினைப்பார் என்பதை விளக்க ஆய்வு எதுவும் வேண்டாம்.

ஆகவே தனிப் பிரிவின் நியாயம், கூட்டத்தைப் பெருக்குவது. ஒலிம்பியாடில் அது எவ்வளவு பெருக்குகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பெண்கள் ஒலிம்பியாட் 1957இல் நெதர்லாந்தின் எம்மன் நகரில் தொடங்கியது. 2022இல் மாமல்லபுரத்தில் பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். அணிக்கு ஐவர், ஆக ஏறத்தாழ 800 பெண்கள் வந்தார்கள். ‘பிரிவை ஒழித்து ஒரே கலப்பு அணியாக்குங்கள், அணிக்கு ஒரு பெண் கட்டாயம் என்று வையுங்கள்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. வைத்தால் 188 பெண்கள் வருவார்கள். அணிக்கு இருவர் என்றாலும் 400 பேரைத் தாண்டாது. மீதிப் பேர் வீட்டிலிருந்து நேரலை பார்க்க வேண்டியதுதான். மாமல்லபுரத்தில் ஒன்பது மாதக் கர்ப்பத்தோடு ஆடி, இந்தியப் பெண்களின் முதல் ஒலிம்பியாட் பதக்கமான வெண்கலத்தில் பங்கெடுத்த ஹரிகாவுக்கு அந்தக் கட்டாய இடம் கிடைத்திருக்கலாம். அணியின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் பெண்களுக்குக் கிடைத்திருக்காது. சமத்துவத்தின் பெயரால் பெண்களைக் குறைக்கும் திட்டம் இது.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்துக்கு வருகிறேன். தனிப் பிரிவு கூட்டத்தைப் பெருக்கலாம். அந்தக் கூட்டத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். 1980களில் நடந்த ஒரு கூத்து இதற்குச் சான்று. பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுவதால் அவர்களின் தரப்புள்ளிகள் உண்மைத் திறனைவிடக் குறைவாக நிற்கின்றன என்று கருதிய ஃபிடே, எல்லாப் பெண்களுக்கும் 100 புள்ளி கூட்டிக் கொடுத்தது. ஒருவருக்கு மட்டும் இல்லை. ஹங்கேரியின் சூசன் போல்கார் ஆண்களோடு ஆடியே புள்ளி சேர்த்தவர் என்பதால் அவர் விடுபட்டார். 1987 தொடக்கத்தில் வந்த பெண்கள் பட்டியலில் முதலிடத்தையும் இழந்தார். வெளியே வந்து ஆடிய ஒரே குற்றத்துக்கு அபராதம். கூட்டமைப்பின் தர்க்கம் முழுத் தவறல்ல என்பதுதான் இதில் வேடிக்கை: மூடிய குளத்தில் அளவுகோல் பிசகும் என்று அது தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது.

அந்தப் பிசகு பட்டங்களில் இன்றும் இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 தரப்புள்ளி தொட வேண்டும். இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2400. ‘பெண் கிராண்ட்மாஸ்டர்’ பட்டத்துக்கு 2300 போதும். அது ஃபிடே மாஸ்டர் என்ற பொதுப் பட்டத்தின் வாசல். பெயரில் கிராண்ட்மாஸ்டர், அளவில் இரண்டு படி கீழே. போட்டியைத் தனியாக்குவதற்கும் அளவுகோலைத் தனியாக்குவதற்கும் வேறுபாடு உண்டு. போட்டி தனித்து நடந்தால் இடம் பெருகுகிறது, பரிசுப் பணம் வருகிறது. அளவுகோல் தனித்து நின்றால், இவர்களுக்கு இது போதும் என்ற செய்திதான் போகிறது. முன்னதை ஆதரிக்கும் யாரும் பின்னதை ஆதரிக்கக் கடமைப்பட்டவரல்ல. பெண் பட்டங்களை நீக்கிவிட்டு அந்தச் செலவையும் கவனத்தையும் பெண்கள் போட்டிகளுக்குத் திருப்பலாம் என்பது என் கருத்து. சிறு நகரப் பள்ளி மாணவிக்கு அப்பட்டங்கள் கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் உதவுகின்றனவே என்பார்கள். உதவுகின்றன, அதை விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளில் சரிசெய்ய முடியும்.

ஒரே ஆட்டக்காரர் இரு தடத்திலும் ஓடினால் எப்படியிருக்கும் என்பதைச் சென்னையின் வைஷாலி காட்டினார். 2023 நவம்பரில் ஐல் ஆஃப் மேன் தீவில் பெண்களுக்கான கிராண்ட் சுவிஸ் போட்டியை வென்று, உலக வாகையரோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் சுற்றுக்குத் தகுதி பெற்றார்; 2024இல் டொராண்டோவில் தம்பி பிரக்ஞானந்தா பொதுப் பிரிவிலும் இவர் பெண்கள் பிரிவிலும் ஆடினார்கள். ஆனால் அவரைக் கிராண்ட்மாஸ்டர் ஆக்கியது வேறு தடம். பட்டத்துக்குத் தரப்புள்ளியோடு வேண்டிய போட்டித் தகுதிகளான நார்ம்களில் கடைசியானது கத்தார் மாஸ்டர்ஸ் பொதுப் போட்டியில் கிடைத்தது. 2500ஐத் தாண்டியது ஸ்பெயினில் எல் யோப்ரெகாத் பொதுப் போட்டியில். பெண்கள் போட்டி மேடையையும் வருமானத்தையும் தந்தது, பொதுப் போட்டி அளவைத் தந்தது. ஒன்று மற்றதைத் தின்றுவிடாமல் இருந்ததற்கு அவருடைய நாட்காட்டிதான் காரணம். ஏற்பாட்டின் தயவு அதில் கொஞ்சமே. பெரும்பாலான பெண்களுக்குப் பண நோக்கில் பார்த்தால் பெண்கள் சுற்றிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். பொதுப் போட்டியில் நாற்பதாம் இடம் பிடித்தால் கையில் ஒன்றும் நிற்காது. அதற்காக அவர்களைக் குறை சொல்வது, வாடகை கட்ட வேண்டியவரிடம் வீரம் பேசுவது.

இடைவழியாகச் சொல்லப்படுவது கலப்பு அணி. இங்கே ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும்: அணி கலப்பாக இருப்பது வேறு, மோதல் கலப்பாக இருப்பது வேறு. 1902இல் ஆம்ஸ்டர்டாமில் நிக்கோ புருக்ஹவுசன் உருவாக்கிய கார்ஃப்பால் ஆட்டத்தில் அணிக்கு நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். ஆனால் ஆணை ஆண்தான் தடுக்கலாம், பெண்ணைப் பெண்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடரோட்டம் வந்தபோது யார் எந்தச் சுற்று என்பதை அணிகளே முடிவு செய்தன. மதுரையின் ரேவதியும் திருச்சியின் சுபாவும் ஆரோக்கிய ராஜீவும் இந்தியாவுக்காக அதில் ஓடினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசை கட்டாயமாகிவிட்டது. உடல் வேறுபாடு உள்ள களத்தில் அது நியாயமே. ஆனால் 2023இல் துபாயில் தொடங்கிய குளோபல் செஸ் லீகிலும் அணிக்கு இரு பெண்கள் என்று வைத்துவிட்டு, பெண் பலகையில் பெண்ணோடு பெண்ணையே மோதவிட்டார்கள். சதுரங்கத்தில் இதற்கு என்ன தேவை? ஒரே சீருடையும் ஒரே புகைப்படமும் கிடைத்தன. பலகைக்கு வந்தால் பழைய பிரிவினைதான்.

தடத்தை மாற்ற முடியும் என்று நிரூபித்தவர் சூசனின் தங்கை ஜூடித். 1991இல் பதினைந்து வயதில், பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்துக் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பெண்கள் உலகப் பட்டத்துக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. 2735 தரப்புள்ளியோடு உலகின் எட்டாம் இடம் வரை போனார். 2005இல் சான் லூயிஸில் உலக வாகையர் போட்டியில் எட்டுப் பேரில் ஒருவராக உட்கார்ந்தார். இவ்வளவும் அவருடைய தனி வெற்றி. நாட்டுக்கு அது என்ன விலையில் வந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1988இலும் 1990இலும் போல்கார் சகோதரிகள் ஆடிய ஹங்கேரி, பெண்கள் ஒலிம்பியாடில் தங்கம் வென்றது. பிறகு ஜூடித் பொதுப் பிரிவுக்குப் போனார். அவர் ஆடிய அணி 2002இலும் 2014இலும் வெள்ளி வென்றது. பெண்கள் பிரிவில் ஹங்கேரிக்கு அதன்பின் இன்றுவரை தங்கம் கிடைக்கவில்லை.

இந்த விலையைக் கொடுக்க இன்று எந்தக் கூட்டமைப்பு முன்வரும்? இரு பிரிவுகளிலும் சேர்த்துச் சிறந்து விளங்கும் நாட்டுக்கு, கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் பெண்ணான நோனா கப்ரிந்தாஷ்விலியின் பெயரில் கோப்பை தருகிறார்கள். 2022இலும் 2024இலும் இந்தியாவே வாங்கியது. ஒரு நாட்டின் மிகச் சிறந்த பெண்ணைப் பொது அணியின் ஐந்தாம் இடத்துக்கு அனுப்பினால் பெண்கள் அணி சரியும், கோப்பை கைநழுவும். 1978இல் பொதுவான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையே வாங்கியவரின் பெயரைத் தாங்கிய கோப்பை, இன்னொரு பெண் அதே வழியில் போவதைத் தடுக்கும் கணக்கின் மேல் நிற்கிறது. கணக்கை மாற்றுவது கடினமல்ல: பொது அணியில் ஒரு பெண் எடுக்கும் ஒவ்வொரு புள்ளியையும் கோப்பைக் கணக்கில் இருமுறை கூட்டலாம். அடுத்த ஒலிம்பியாடுக்கு அணி தேர்வு செய்பவர்கள் பட்டியலை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.