பிரமதண்டு: பெயர் வழக்கும் காலக் கணிப்பும்

முன்னுரை

மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் மூலிகைப் பெயர்களுக்கு நேரான தாவரவியற் பெயர்களைக் குறிப்புரையில் தருவது இன்று வழக்கமாகியுள்ளது. பிரமதண்டு என்பதற்குப் பெரும்பாலும் தரப்படுவது ஆர்ஜிமோன் மெக்சிகானா என்பதாகும். லின்னேயசு 1753இல் பதிவு செய்த இப்பெயரே மெக்சிகோவைச் சுட்டி நிற்கிறது. கொலம்பசுக்கு முற்பட்ட காலத்திலேயே இச்செடி இந்தியாவில் இருந்ததாகச் சில அகழாய்வுக் கூற்றுகள் உள. எனினும் ஐரோப்பியரின் கடல்வழித் தொடர்புக்குப் பின்னரே வந்தது என்பது தாவரவியலாரின் பெரும்பான்மைக் கருத்து. ஆகவே இப்பொருள்கோள் நூலின் காலக் கணிப்போடு தொடர்புடையதாகிறது.

பெயர் வழக்கு

வடமொழி மருத்துவ மரபில் பிரம்மதண்டி எனப் பெரிதும் கொள்ளப்படுவது டிரைகோலெபிஸ் கிளாபெரிமா என்னும் இந்தியச் செடி. அது சூரியகாந்திக் குடும்பத்தது. தமிழிலும் தெலுங்கிலும் இப்பெயர் ஆர்ஜிமோனைக் குறிக்கிறது. பழம்பெயர் புதுச்செடிக்குப் பெயர்ந்துள்ளது எனக் கருத இடமுண்டு. இவ்வாறே, சுசுருத சங்கிதையில் வரும் சுவர்ணக்ஷீரி (பொன்னிறப் பாலுடையது) என்னும் பெயரையும் பிற்காலத்தார் இச்செடிக்கு ஏற்றினர்.

மக்கள் வழக்குப் பெயர்கள் வேறு செய்தி கூறுகின்றன. தமிழில் குடியோட்டிப் பூண்டு. இந்தியில் சத்தியானாசி, அதாவது அழிப்பது. வங்கத்தில் சியால்காண்டா, அதாவது நரிமுள். மருத்துவப் பெயர் மதிப்பையும் மக்கட் பெயர் அச்சத்தையும் காட்டுகின்றன.

அடையாளம்

வெண்ணரம்பு படர்ந்த முள்ளிலை, மஞ்சட்பூ, முட்காய், கிள்ளினால் வடியும் மஞ்சட்பால் ஆகியன ஆர்ஜிமோனின் அடையாளங்கள். டிரைகோலெபிஸில் மஞ்சட்பால் இல்லை. இவ்வேறுபாடு பாட ஆய்வுக்குப் பயன்படும்.

பயனும் கேடும்

இலைச்சாறும் பாலும் தோல் நோய்க்குப் புறப்பூச்சாக வழங்கின. விதை எண்ணெய் விளக்கெரிக்கப் பயன்பட்டது. ஆனால் கரிய சிறு விதை கடுகை ஒத்திருப்பதால், வட இந்தியக் கடுகு வயல்களில் அறுவடையோடு கலந்துவிடுகிறது. கலப்படம் செய்வாரும் உளர். அவ்விதையிலுள்ள சாங்குவினரின் முதலிய நச்சுப்பொருள்கள் கால் வீக்கத்தையும் இதயத் தளர்ச்சியையும் விளைவிக்கின்றன. இந்நோய் 1877இல் கல்கத்தாவில் பதிவானது. 1998இல் தில்லியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

உருப்பெருக்கியில் ஆர்ஜிமோன் விதையின் வலைப்பின்னலான குழிகள் புலப்படும். எண்ணெயில் நைட்ரிக் அமிலம் சேர்த்தால் தோன்றும் செம்மஞ்சள் நிறம் கலப்பைக் குறிப்பாகக் காட்டும். பூத்து விதை முற்றுமுன் செடியை வேரோடு பிடுங்குவதே எளிய தடுப்பு முறை.

முடிவுரை

ஒரு சுவடியில் பிரமதண்டு என்னும் சொல் வருவது மட்டும் அந்நூலைப் பிற்காலத்ததாக்காது. அதுவே ஆர்ஜிமோன் பண்டுதொட்டு இங்கிருந்ததற்குச் சான்றும் ஆகாது. பாடலில் மஞ்சட்பால் குறிக்கப்பட்டிருப்பின் ஆர்ஜிமோன் என்னும் பொருள் வலுப்பெறும். அந்நிலையில் அப்பாடல் பிற்காலத்ததா, இடைச்செருகலா என ஆராய்தல் வேண்டும். அடையாளம் ஏதும் கூறப்படாதவிடத்துத் தாவரவியற் பெயரை ஐயக்குறியுடன் தருதலே முறை. குறிப்புரையை நம்பி மருந்து செய்வாரும் உண்டு. வயலில் விதையைப் பிரித்தறியக் கவனம் வேண்டும். பதிப்பிலும் அதே கவனம் தேவை.