மணலுக்கு யார் கணக்கு?

போன டிசம்பரில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, உத்திரமேரூரிலிருந்து பைக்கில் திருமுக்கூடல் போனோம். நான், ஆபீஸ் நண்பன், ஒரு டப்பா புளிச்சோறு, மாற்றுத்துணி. ஆற்றில் குளிக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் அது. எதிர்க்கரையில் பழைய சீவரம் மலை. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு அந்த மலைக்கு வந்து, ஆற்றைத் தாண்டி இக்கரைக்கும் வருவார். பெருமாளே வெளியூர் கிளம்பி வருகிற இடம் என்றால் நமக்கென்ன!

தண்ணீர் தெளிவாக ஓடியது. நண்பன் சட்டையைக் கழற்றிவிட்டான். மாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்: “தம்பி, அந்தப் பக்கம் எறங்காதீங்க. மணல் எடுத்த பள்ளம். மேல பாத்தா தெரியாது, ரெண்டு ஆள் ஆழம்.”

குளியலை ஒத்திவைத்துவிட்டு அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்குள் போனோம். சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு. 1063-இல் பட்டமேறியவன் அவன். ஆற்றங்கரையில் இருந்த இந்தக் கோயிலோடு சேர்ந்து வேதம் படிக்க ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீருக்கு ஓர் ஆள். யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதுவரை கல்லில் இருக்கிறது.

நான் தினமும் சர்வர் லாக் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று அதில் தெரிந்துவிடும். இந்தச் சுவரும் அப்படித்தான் என்று தோன்றியது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளை நாம் குடவோலைக்காகத்தான் பேசுகிறோம். 30 குடும்புகள், 35 முதல் 70 வரை வயது, சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், வேதப் படிப்பு. அதாவது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. அதை இன்றைய ஜனநாயகம் என்று சொன்னால் வாட்ஸப்பில் ஓடும், வரலாற்றில் ஓடாது. ஆனால் எனக்குப் பிடித்த விதி ஒன்று அதில் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. ஏரியைக் கவனிக்கத் தனியாக 6 பேர் கொண்ட ஏரி வாரியம். தண்ணீரைத் தொடுகிறவன் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

வெளியே வந்தபோது பெரியவர் இன்னும் கரையில்தான் இருந்தார். “அந்த மணலை யாரு தாத்தா எடுத்தாங்க?” என்று கேட்டேன்.

சிரித்தார். “லாரி வந்துது, லாரி போச்சு. யாருகிட்டப் போயி கணக்குக் கேக்கறது?”

பெருமாள் சுவரில் தண்ணீர் சுமந்த ஆளுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. எதிரே இருக்கும் பள்ளத்துக்கு இல்லை. அதில் இறங்கப்போன நண்பனுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கைப் பலகை, மாடு மேய்க்கும் ஒரு மனிதர்.

பிறகு அவர் கைகாட்டிய இடத்தில், முழங்காலளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, புளிச்சோற்று டப்பாவைக் கழுவி, அதிலேயே மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தோம்.