பாலர் ஆடலும் பாடலும்: ஒரு தடையின் வரலாறு

1851ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 7ஆம் நாள் பிரஷ்ய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தன் ஆட்சிக்குட்பட்ட நிலமெங்கும் 'கிண்டர்காட்டன்' என வழங்கிய பாலர் நிலையங்கள் நடைபெறலாகாது என்பதே அவ்வாணை. அந்நிலையங்களில் நிகழ்ந்தவை யாவை? ஆறு வயதுக்குட்பட்ட சிறார் கைகோத்து வட்டமாய் நின்று பாடினர், பந்துருட்டினர், மரக்கட்டைகளை அடுக்கிக் கலைத்தனர், சிறு பாத்திகளில் விதையிட்டு நீரூற்றினர். ஐரோப்பாவின் பெரும் படையரசுகளுள் ஒன்று இவற்றைக் கண்டு அஞ்சியது.

இந்நிலையங்களைத் தோற்றுவித்த பிரெடரிக் புரோபல், 1782இல் ஜேர்மனியின் துரிஞ்சியக் காட்டுப் பகுதியில் ஒரு சமயகுருவின் மகனாய்ப் பிறந்தவர். ஓராண்டு நிறையுமுன் தாயை இழந்தவர். இளமையிற் காட்டுத் தொழில் பயின்றார். 1808 முதல் 1810 வரை சுவிற்சர்லாந்தில் பெஸ்தலோசியின் பள்ளியில் தங்கிக் கற்பித்தல் முறைகளை நேரிற் கண்டார். நெப்போலியனுக்கு எதிரான போரிற் சேர்ந்தார். பேர்லினிற் கனிமப் படிகங்களை ஆராய்ந்தார். 1817 தொடக்கம் கைல்ஹௌ என்னுமூரிற் பள்ளி நடத்தினார். மழலையர் பணியை அவர் மேற்கொண்டதோ 1837இல், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், பிளாங்கன்பேர்க் என்னுஞ் சிற்றூரிலாகும். 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரை 1840இல் இட்டார்.

புரோபலின் தத்துவம் பலவிடத்து இருண்டது. அவருரையைப் படித்து முடிப்பது எளிதன்று. ஆயின் அவர் வகுத்த விளையாட்டுகள் தெளிவானவை. முதலிற் குழந்தை பெறுவது கம்பளி நூலாற் செய்த ஆறு பந்துகள், வெவ்வேறு நிறத்தன. பந்தை ஒரு நூலிற் கட்டித் தாய் ஆட்டுகிறாள். ஆட்டத்தின் கதிக்கு ஏற்பப் பாடுகிறாள். பந்தை மறைக்கிறாள், காட்டுகிறாள். இங்கே, அங்கே, மேலே, கீழே, வந்தது, போயிற்று என்னுஞ் சொற்கள் அவ்வசைவோடு கூடியே குழந்தையின் உள்ளத்திற் பதிகின்றன. பின்னர் உருண்டையும் கனசதுரமும் உருளையும் வருகின்றன. அதன்பின் எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் பெருங் கட்டை. படிகங்களை ஆராய்ந்தவரின் கண்ணை இவ்வடிவங்களிற் காணலாம்.

1844இல் வெளிவந்த தாய்மார் பாட்டு நூல் இதனினும் சிறந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படமும், கைவிரல்கள் செய்யவேண்டிய அசைவும் அதிற் காட்டப்பட்டுள்ளன. புறாக்கூட்டுப் பாட்டில் மூடிய கை திறக்கிறது. விரல்கள் புறாக்களாய்ப் பறந்து மீள்கின்றன. பறந்த இடத்திற் கண்டவற்றைக் குழந்தை சொல்லவேண்டும். காற்றுத்திசை காட்டும் சேவலின் பாட்டில், குழந்தையின் கையே சேவலாகித் திரும்புகிறது. அசைப்பது எது, அது ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்னும் வினா ஆங்கே தானாகவே பிறக்கின்றது. பிள்ளைத்தமிழின் சப்பாணிப் பருவம் கற்றோர்க்குக் கைகொட்டலும் பாட்டும் இணைவது புதுமையன்று. ஆனால் நம் புலவர் இறைவனையும் தலைவனையும் குழவியாக வைத்துப் பாடினர். புரோபல் தச்சன் வீட்டுக் குழந்தைக்கும் அதனை உரியதாக்கினார். நூலுக்கு இசையமைத்தவர் றொபேட் கோல் என்பவர். அவ்விசை சிறார் தொண்டைக்கு எளிதாயிருக்கவில்லை என்ற குறை நெடுங்காலம் நிலவியது. இஃது அற்பக் குறையன்று. பாட முடியாத பாட்டுக்கு ஆடவும் முடியாது.

வட்ட விளையாட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். முந்தி ஓடத் துடிக்கும் பிள்ளை பாட்டின் அடி முடியும்வரை காத்து நிற்கிறது. எவரும் அதட்டவில்லை, தாளமே நிறுத்துகிறது. பாலர் வகுப்பை ஒரு நாளேனும் பொறுப்பேற்றவர் இதன் அருமையை அறிவர்.

இனித் தடையின் காரணம். புரோபலின் சமதர்மத் திட்டத்தின் ஒரு கூறாகிய இந்நிலையங்கள் இளையோரை நாத்திகராக்க முயல்வன என்றது ஆணை. உண்மையிற் புரோபல் ஆழ்ந்த கடவுட்பற்றுடையவர். பெண்கள் உயர்கல்வியையும் பாலர் நிலையங்களையும் பற்றிச் சிறுநூல் எழுதியவர் அவருடைய தமையன் மகன் கார்ல் புரோபல். இருவரும் ஒருவரெனக் கொண்ட மயக்கமே தடைக்குக் காரணம் எனப் பலர் எழுதியுள்ளனர். எனக்கு அது போதிய விடையாகத் தோன்றவில்லை. முதியவர் தாம் வேறு, தம் தமையன் மகன் வேறு என எடுத்துரைத்த பின்னரும் அமைச்சர் ரௌமர் இணங்கவில்லையே! 1848ஆம் ஆண்டுப் புரட்சி அடங்கி மூன்றாண்டே ஆகியிருந்தது. இந்நிலையங்களை ஆதரித்தோருட் பலர் தாராளக் கொள்கையினர். அவற்றைப் பொறுப்பேற்று நடத்தப் பெண்கள் பயிற்றப்பட்டனர். குழந்தை தானே செய்து தானே அறிதல் வேண்டும் என்ற கொள்கை, பணிந்து கேட்டலையே கல்வியாகக் கண்ட அரசுக்கு எவ்வாறு உவக்கும்? மயக்கம் ஒரு வாய்ப்பாயிற்று என்பதே என் கருத்து.

தடைக்குப் பத்துத் திங்களின் பின், 1852 ஜூன் 21ஆம் நாள், புரோபல் காலமானார். தடை 1860இலேயே நீங்கிற்று. அதனை அவர் காணவில்லை.

ஆயினும் விளையாட்டு நாடுகடந்து விட்டது. தடை வந்த 1851ஆம் ஆண்டிலேயே, ஜேர்மனியினின்று அகதிகளாய் வந்த ரொங்கே தம்பதியர் இலண்டனில் ஒரு நிலையம் தொடங்கினர். திருமதி ரொங்கேயின் தங்கை மார்கரெத்தே சூர்ஸ் 1856இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனில், ஜேர்மன் மொழியில், ஒன்று நடத்தினார். 1860இல் எலிசபெத் பீபொடி பொஸ்டனில் ஆங்கில மொழியிற் தொடங்கினார். 1873இற் சென் லூயிஸ் நகரில் சூசன் புளோவின் முயற்சியால் அது பொதுப்பள்ளியின் பகுதியாயிற்று.

பரவியபோது வேறொரு கேடு விளைந்தது. பந்துக்குப் பின் உருண்டை, உருண்டைக்குப் பின் கட்டை என்ற ஒழுங்கைச் சீடர் சிலர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டனர். பிள்ளைகள் ஆணைக்கேற்பக் கட்டை அடுக்கினர், விளையாட்டு கவாத்தாயிற்று. இதனை எதிர்த்தோருள் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் ஆசிரியை பற்றி ஹில் குறிப்பிடத்தக்கவர். அவருடைய தமக்கை மில்ட்ரெட் ஹில் இசையறிவு மிக்கவர். தமக்கை மெட்டமைக்க, தங்கை சொல் அமைத்தார். வகுப்பிற் பாலரைப் பாடவைத்துப் பார்த்து, அவர் குரலுக்கு எட்டாதவற்றைத் திருத்தினர். 1893இல் அவ்வாறு அச்சேறிய தொகுதியில், காலையில் ஆசிரியை சிறாரை வரவேற்கும் சிறு பாட்டொன்று உண்டு. அதன் மெட்டே பின்னர்ச் சொன்மாறிப் பிறந்தநாள் வாழ்த்தாகி, இன்று நம் வீடுகளிலும் பாடப்படுகின்றது.