தனிமை அறையின் 2.5 பாஸ்கல்: அளப்பதும் ஆள்வதும் ஒரே கருவியாகலாமா?

காசநோய் போலக் காற்றில் பரவும் நோயுள்ளவர்களை வைக்கும் தனிமை அறையில், நடைகூடத்தைவிட அழுத்தம் குறைந்தது 2.5 பாஸ்கலாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நெறி. வளிமண்டல அழுத்தத்தில் இது 40,000-இல் ஒரு பங்கு. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று கட்டடச் சுவரில் மோதினாலே 15 பாஸ்கல் வரை எழும். இத்தகைய சிற்றழுத்தங்களைக் காட்டும் முகப்பையும், வரம்பு தாண்டினால் விசிறியையோ, காற்றுவழியைத் திறந்து மூடும் டேம்பரையோ இயக்கும் சுவிட்சையும் ஒரே பெட்டியில் அடக்கிய கருவிகள் நெடுநாளாகப் புழங்குகின்றன. டுவையர் நிறுவனத்தின் ஃபோட்டோஹெலிக் அவற்றில் பெயர்பெற்றது. அதிலுள்ள சவ்வின் அசைவு காந்தத்தின் வழியே, தொடாமலேயே முள்ளைத் திருப்புகிறது. எல்லை தாண்டியதை ஒளியுணரி கண்டு ரிலேயை இயக்குகிறது. அமைப்பின் நேர்த்தியில் குறையில்லை. ஆனால் தனிமை அறையில் இவ்வகைக் கருவி சாட்சியாகவும் எச்சரிக்கை மணியாகவும் இருக்கலாமே தவிர, காற்றோட்டத்தை ஆளக் கூடாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தூசு பிடிக்கும் பை வடிகட்டிகளில் இந்த இணைப்பு சிறப்பாகவே வேலை செய்கிறது. அங்கே அழுத்த வேறுபாடு நூற்றுக்கணக்கான பாஸ்கல். சில பாஸ்கல் பிழையால் ஒன்றும் கெட்டுவிடாது. தனிமை அறையில் அந்த இடைவெளி கிடையாது. முழு அளவு 60 பாஸ்கல், துல்லியம் ±2 சதவீதம் என்றால் பிழை 1.2 பாஸ்கல், காக்க வேண்டிய அளவில் அது ஏறத்தாழப் பாதி. பூச்சியம் நகர்ந்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம்: கருவி தன் தவறான அளவீட்டையே இலக்கோடு பொருத்தி அறையைத் தவறான நிலைக்குத் தள்ளும். முகப்பு அப்போதும் 2.5 என்றே காட்டும். குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்பும் எழுதும் ஏற்பாடு இது.

வெளியேற்றும் காற்று உள்ளே வரும் காற்றைவிட ஒரு நிலையான அளவு மிகுதியாக இருக்கும்படி ஓட்டங்களை அளந்து ஆள்வது மாற்று வழி. கதவுச் சந்து அகன்றால் இந்த முறைக்கு அது தெரியாதே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். அழுத்தம் கசிவு வேகத்தின் இருமடியைச் சார்ந்தது. சந்தின் பரப்பு இரட்டித்தால் அதே ஓட்டத்தில் 2.5 பாஸ்கல் 0.6 ஆகிவிடும். ஆனால் தனித்து நிற்கும் அழுத்தமானி அந்த வீழ்ச்சியை உடனே வெளியே சொல்லிவிடும். கதவைச் சீர்செய்ய ஆள் வரும். இணைந்த கருவியோ வெளியேற்றத்தைக் கூட்டிக்கொண்டே போய், விசிறியின் திறன் தீரும்வரை பழுதை மூடி மறைக்கும். இரண்டு கருவிகள் முரண்பட்டால் ஊழியர் குழம்புவார்களே என்பது அடுத்த மறுப்பு. அந்த முரண்பாடுதான் நமக்கு வேண்டிய செய்தி. அழுத்தமானி பொருத்தியிருந்தாலும், அறை பயன்பாட்டில் உள்ளபோது நாள்தோறும் புகைக்குழல் போன்ற கண்ணால் காணும் சோதனை வேண்டும் என்று அதே மையத்தின் 2007 வழிகாட்டுதல் கேட்பதும் ஒற்றைக் கருவியை மட்டும் நம்பலாமா என்ற ஐயத்தால்தான் என்று கொள்ளலாம்.

செலவு கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அழுத்தத்தை வைத்தே ஆளும் முறையும் மலிவாக முடிவதில்லை. கதவு திறந்ததும் வேறுபாடு பூச்சியத்தை ஒட்டி விழ, கருவி அதைத் துரத்தி டேம்பரை அலைக்கழிக்கும். அதைத் தடுக்கக் கதவில் ஒரு சுவிட்சும் காலத் தாமதமும் சேர்க்க வேண்டும். தாமதம் நீடிக்கும் அந்த நேரத்தில் அறையை யாரும் ஆள்வதில்லை.