மரமா, பிளாஸ்டிக்கா? கிளாரினெட் நம் பக்கம் வந்த கதை

உத்தமபாளையத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் பேசினார். மகன் கிளாரினெட் கற்கப் போகிறானாம். மரத்தில் வாங்கவா, பிளாஸ்டிக்கில் வாங்கவா என்று கேட்டார். பேண்டு செட்டில் சேர்ந்தால் முகூர்த்த நாட்களில் நாலு காசு பார்க்கலாம் என்பது பையனின் கணக்கு. ஒரு வருஷத்தில் கருவி விரிசல் விட்டால் வாங்கிய கடன்தான் மிஞ்சும். நான் வாத்தியக்காரன் இல்லை, வரலாறு நடத்தியவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

1700 வாக்கில் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் டென்னர் என்பவர் செய்த கருவி இது. முதலில் இரண்டே சாவிகள். 1812 வாக்கில் இவான் முல்லர் அதைப் 13 சாவியாக்கினார். ஓட்டையை மூட மெத்தை வைத்த தோல் பேடு அவர் கொண்டுவந்ததுதான்.

நம் நாட்டுக்கு இது வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டோடு வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) அரண்மனையிலேயே ஐரோப்பிய பேண்டு வைத்திருந்தார். பிறகு சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்தைக் கிளாரினெட் பிடித்துக்கொண்டது. அதைத் தனிக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். நாகஸ்வர வழியில் பயின்றவர்; ராஜரத்தினம் பிள்ளையே அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்தார். 2022-இல் பத்மஸ்ரீ வந்தது. ரொம்பத் தாமதம் என்பது என் கருத்து.

இப்போது மரத்துக்கு வருவோம். நல்ல கிளாரினெட்டை கிரெனடில்லா என்ற ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்வார்கள். ஊதும்போது உள்பக்கம் மூச்சின் ஈரத்தில் உப்பும். வெளிப்பக்கம் காய்ந்தே கிடக்கும். இந்த இழுபறியில்தான் மரம் பிளக்கிறது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரக்காரர்கள் பழைய வீடுகளை இடித்தெடுத்த ஆச்சா மரத்தைத் தேடுவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பல காலம் காய்ந்த மரம் அவ்வளவாக அசையாது.

வெப்ப நாடுகளுக்குப் போன பட்டாளங்களுக்கும் இதே தொல்லை. அதற்கு 1851-இல் நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்ற கடின ரப்பர், அதாவது எபோனைட், கைகொடுத்தது. மரம் மாதிரி அது பிளக்காது. வெயிலில் கிடந்தால் கறுப்பு மங்கிப் பச்சையாகும், கந்தக வாடை வரும், அவ்வளவுதான். இன்றைய மாணவர் கருவிகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அதே வழியில் வந்தது. அதற்கு அந்தக் குறையும் இல்லை.

நம் பள்ளத்தாக்கை நினைத்துப் பாருங்கள். வீரபாண்டித் திருவிழா நேரத்து வெயிலில் ஊதிவிட்டு, ஆனி ஆடிச் சாரலில் குமுளிக் கல்யாணத்துக்கு மலையேற வேண்டும். இடையில் 500 மீட்டர் உயரம் கூடிவிடும். பேண்டு செட் பையனுக்கு மரக் கிளாரினெட் வேண்டாம் என்பேன். பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி சாவி அமைப்பு. வடக்கே மீரட்டிலிருந்து மலிவு விலையில் வருபவற்றில் பழைய ஆல்பர்ட் முறைக் கருவிகளும் உண்டு. பெரிய கம்பெனி மாணவர் கருவிகள் பெரும்பாலும் 17 சாவி போம் முறை. ஆல்பர்ட்டில் சாவி குறைவு, விரலை இழுத்து வழுக்க வசதி. துருக்கியிலும் அதைத்தான் விரும்புகிறார்கள். கமகம் பிடிக்க அது தோது. ஆனால் உதிரிச் சாவியும் பழுது பார்ப்பவரும் போம் முறைக்குத்தான் சுலபமாகக் கிடைப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் எதில் வாசிக்கிறாரோ அதையே வாங்குங்கள். இதில் என் சொந்த விருப்பத்தைச் சேர்க்க மாட்டேன்.

நாகஸ்வரம் வாசிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாகஸ்வரத்தில் அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி ஸட்ஜம் வரும். கிளாரினெட்டில் அதையும் தாண்டி மேல் பஞ்சமத்துக்குப் போய்விடும். மேலே விரல் கணக்கே வேறு.

பழைய கருவி வாங்கினால் மேல் துண்டைத் தனியாகக் கழற்றி, ஓட்டைகளை விரலால் மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, மேலே வாய் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்றுப் பிடித்து நின்றால் பேடு நல்லாயிருக்கிறது. உடனே விட்டுவிட்டால் பேடு மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.